நைட் ஷிப்ட் மீன்!

எங்கள் தெருவில் ஒரு டாக்டர் இருக்கிறான். 'இருக்கிறார்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால், ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் சிலேட்டுக் குச்சியைக் கடித்துத் தின்றவனுக்கு 'ர்' போட எனக்கு மனசு வரவில்லை.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பி.எச்டி. டாக்டர். எதில் என்று கேட்டால் கொஞ்சம் தயங்கிவிட்டு, "மீன் வயித்துல" என்பான். ஆழ்கடலில் இருக்கிற சுண்டுவிரல் சைஸ் மீன்கள் என்ன சாப்பிடுகின்றன, எப்போது சாப்பிடுகின்றன, எவ்வளவு சாப்பிடுகின்றன... இதுதான் ஆராய்ச்சி. ஆறு வருஷம்!

காட்டுமன்னார்கோயிலில் இந்தச் செய்தி பரவும்போது கொஞ்சம் சுருங்கி, 'வயித்து டாக்டர்' என்று ஆகிவிட்டது. எதிர்வீட்டுப் பாட்டி ஒரு நாள் விடியற்காலையில் அவன் வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, நேத்து மொச்சக் கொட்டை சாப்ட்டதுலேர்ந்து ஒரே காத்தா இருக்குப்பா..." என்று ஆரம்பித்துவிட்டார். அவன் அம்மாதான் ஒரு சோடா வாங்கிக் கொடுத்து ஆராய்ச்சியின் மானத்தைக் காப்பாற்றினார்.

அவன் அப்பாவுக்கு மட்டும் இதில் சிரிப்பு வராது. "மீன் வயித்துல என்னா இருக்குன்னு பார்க்கறான். தன் வயித்துக்கு என்னா வழின்னு பார்க்க மாட்டேங்கறானே!" என்பார். டாக்டர் இப்போது சிதம்பரத்தில் ஒரு டுடோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான். நேரம் கிடைத்தால் பரங்கிப்பேட்டைக்கு ஓடுகிறான். பகலில் தவளை, சாயங்காலம் மீன்.

நான் பி.காம். நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டது போக, மிச்ச நேரத்தில் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவன். மீனுக்கும் எனக்கும் இருப்பது குழம்பு வழி உறவுதான். அப்படியிருக்க, இந்த டாக்டரிடம் எனக்கு என்ன வேலை?

காரணம், என் மச்சான்.

மனைவியின் அண்ணன். கிள்ளை பக்கம் இறால் பண்ணை குத்தகைக்கு எடுத்திருக்கிறார். இறால் வளர்ப்பில் பாதிக்கு மேல் தீனிக்கே போய்விடும் என்று புலம்புவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புலம்பாமல் வந்தார். அப்போதே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

"மாப்ள, கடலுக்கு அடியில ஆயிரம் கோடி டன் மீனு சும்மா கெடக்குதாம். ஒருத்தனும் புடிக்கறது இல்லியாம்!"

"ஆயிரம் கோடி ரூபாய்க்கா?"

"டன்னு மாப்ள, டன்னு!"

செல்போனை நீட்டினார். கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு குட்டி மீன். வயிற்றோரம் சீரியல் பல்பு மாதிரி வரிசையாகப் புள்ளிகள். அந்த மீனைப் பிடித்து, அரைத்து, தூளாக்கி, இறால் தீனிக்கு விற்க யாரோ ஒருவர் கம்பெனி ஆரம்பிக்கிறாராம். பங்கு, ஆளுக்கு மூன்று லட்சம். "மூணே வருஷத்துல முப்பது மாப்ள!"

மூன்று லட்சம் என்ற எண் என்னைச் சுருக்கென்று குத்தியது. ஏனென்றால், எங்கள் வீட்டில் சரியாக மூன்று லட்சம்தான் இருக்கிறது. போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டில். அது மச்சானுக்கு எப்படித் தெரியும்? காபி கொண்டுவந்து வைத்த என் மனைவி, திடீரென்று மின்விசிறியை ஆராய ஆரம்பித்தாள்.

அந்தப் பணம் என்னுடையது இல்லை. அப்பாவுடையது.

அப்பா 28 வருஷம் ஓர் ஆலையில் வேலை பார்த்தார். மற்றவர்கள் மாற்றி மாற்றிப் பார்க்கிற ஷிப்டில், இவர் மட்டும் நைட் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ராத்திரிப் படி கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலில்தான் நான் பி.காம். படித்தேன். சாயங்காலம் நாங்கள் விளையாடிவிட்டு வரும்போது அவர் டிபன் கேரியரோடு கிளம்பிக்கொண்டிருப்பார். காலையில் நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வந்து, ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்துவிடுவார். சனி, ஞாயிறு எங்கள் வீட்டு வாசலில் கிரிக்கெட் நடந்தால் 'அவுட்' என்பதைக் கிசுகிசுப்பாகத்தான் சொல்வோம். எல்.பி.டபிள்யூ. தகராறுகள்கூட சைகையிலேயே தீரும்.

மச்சான் அப்பாவிடமும் விஷயத்தைச் சொன்னார். அப்பா முழுசாகக் கேட்டுக்கொண்டார். "எனக்கு என்னா தெரியும் தம்பி. புள்ளயக் கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பந்து என் காலில். கணக்கு தெரிந்தவன் நான் ஒருவன்தானே! ஆனால் கணக்குப் போட மீனைப் பற்றித் தெரிய வேண்டும். ஆகவே, சிதம்பரம் பஸ் பிடித்து, அங்கிருந்து பரங்கிப்பேட்டை பஸ் மாறி, டாக்டரிடம் போனேன்.

வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கேதான். 1960-களிலிருந்து கடலில் இருக்கிற சகலத்தையும் பாட்டிலில் போட்டு ஆராய்கிற இடம். நம் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது, நம்மில் பலருக்குத் தெரியாது. பிச்சாவரத்துக்குப் போய் படகில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

டாக்டரின் மேஜையில் ஒரு பாட்டில். உள்ளே ஐந்தாறு மீன். பார்மலின் வாசனை மூக்கைத் துளைத்தது. பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்ட ரெண்டு பரோட்டா வயிற்றுக்குள் எழுந்து நின்றன.

"இதுவா உன் மச்சான் சொன்ன ஆளு பாரு" என்றான். "கொல்லத்துல ஆழ்கடல் இறாலுக்குப் போற போட்டுங்க வலையில இதுவும் சேர்ந்து வரும். இறாலை எடுத்துக்குவாங்க. இதை ஒதுக்கிடுவாங்க. நான் கேட்டு வாங்கிட்டு வருவேன்."

"பேரு?"

"விளக்கு மீன். உலகத்துல சுமார் 250 இனம் இருக்கு. அரபிக் கடல்ல கூட்டம் கூட்டமா இருக்கிற ஒரு இனத்துக்கு பென்தோசீமா டெரோட்டம்னு பேரு. 1890-ல ஆல்காக்னு ஒருத்தர் வெச்சாரு."

ஆல்ஃபிரட் ஆல்காக். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியக் கடல்களை அளந்துகொண்டிருந்த 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற கப்பலில் 1888-ல் ஏறியவர். உத்தியோகம் என்ன தெரியுமா? கப்பல் டாக்டர்! வைத்தியத்தோடு, வலையில் வந்த ஆழ்கடல் மீன்களையும் ஆராய்ந்தவர், கடைசியில் கல்கத்தா மியூசியத்துக்கே தலைவர் ஆகிவிட்டார். ஆக, நம்மாளுக்கு முன்னோடி ஒருவர் இருந்திருக்கிறார். ஒரே வித்தியாசம், அவரிடம் எதிர்வீட்டுப் பாட்டி வந்திருந்தால் நிஜமாகவே மாத்திரை கொடுத்திருப்பார்.

டாக்டர் ஒரு மீனை எடுத்துத் தட்டில் வைத்தான். விரல் நீளம்கூட இல்லை. சின்னக் கத்தியால் வயிற்றைக் கீறினான். இரைப்பையைத் தனியே எடுத்து, அதையும் திறந்து, உள்ளே இருந்ததைச் சொட்டுத் தண்ணீரில் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தான்.

"பாரு."

பார்த்தேன். கால், கை, மீசை, உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி ஓடுகள். கல்யாணப் பந்தி முடிந்த இலை மாதிரி இருந்தது.

"இது துடுப்புக்காலி. இறாலுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அரிசி நொய்யை விடச் சின்னது. கடல் மேல்மட்டத்துல பாசியைத் தின்னுட்டுத் திரியும். அதை இந்த மீனு தின்னும். பாதி செரிச்சுப் போயிருக்கும். தாடையை வெச்சு, காலை வெச்சு என்ன இனம், எத்தனைன்னு எண்ணணும்."

"எத்தனை மீன் இப்படி எண்ணியிருக்கே?"

"ஆயிரத்தைத் தாண்டினப்புறம் அம்மாகிட்ட சொல்றதை நிறுத்திட்டேன்."

இதில் ஒரு வேடிக்கை. வலையில் சிக்கிய பிறகும், கூட மாட்டிக்கொண்ட துடுப்புக்காலிகளைச் சில மீன்கள் அவசரமாக விழுங்கிவிடுமாம். பந்தியில் 'எந்திரிங்க, அடுத்த பந்திக்காரங்க நிக்கறாங்க' என்றதும் கடைசி வாய் பாயசத்தை அள்ளிப் போட்டுக்கொள்கிற மாதிரி. அதனால் வாயிலும் தொண்டையிலும் புத்தம் புதுசாக இருக்கிறதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அடடா! வருஷக் கடைசியில் அவசரமாக எழுதப்பட்ட ரசீதை ஆடிட்டர் ஒதுக்குகிற மாதிரியே இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மீன் வயிறும் ஒரு கணக்குப் புத்தகம்தான் போலிருக்கிறது.

இரைப்பையின் உள்பக்கம் எதற்கோ கன்னங்கரேலென்று இருந்த இன்னொரு பெரிய மீனின் படத்தையும் காட்டினான்.

"ஆழ்கடல் மீனுங்க பலதுக்கும் வயித்துக்குள்ள இப்படிக் கறுப்புத் துணி தச்ச மாதிரி இருக்கும். ஏன்னு சொல்லு?"

"அழுக்கு தெரியாம இருக்கவா?"

"அங்க இருக்கற பிராணிங்க முக்கால்வாசி தானா மினுங்கும்டா. முழுங்கின இரை உள்ளே போயும் மினுங்கிச்சுன்னா? வெளிச்சம் வயித்தைத் தாண்டி வெளியே தெரியும். பெரிய மீனு பார்த்துடும். அதான் கறுப்பு."

சாப்பிட்டது வெளியே தெரியக் கூடாது! இந்த வசதி மட்டும் மனுஷனுக்கு இருந்தால், எத்தனை பேர் சஸ்பெண்ட் ஆகாமல் தப்பித்திருப்பார்கள்!

அப்புறம் அவன் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

விளக்கு மீன் பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் இருட்டில் கிடக்கும். சூரியன் மறைந்ததும் கூட்டமாக மேலே கிளம்பும். மேல்மட்டத்துக்கு வந்து ராத்திரி முழுக்கச் சாப்பிடும். விடிவதற்கு முன் மறுபடி கீழே. தினம் தினம் இதுதான். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒரு மணிக்கு, விடியற்காலையில், மத்தியானத்தில் என்று பல நேரங்களில் பிடித்த மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்திருக்கிறார்கள். ராத்திரி பிடித்ததில் வயிறு நிரம்பி, இரை முழுசாக இருக்கிறது. சாயங்காலம் பிடித்ததில் காலி.

இந்த ஊர்வலத்தைக் கருவியில் கேட்டது மீன்காரர்கள் இல்லை. போர்க்காரர்கள்! 1942-ல், இரண்டாம் உலகப் போர் சமயம். எதிரி நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க, கடலுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிற கருவியை அமெரிக்காவின் சான் டியாகோ பக்கம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆழமான கடலில், சில நூறு மீட்டரிலேயே 'தரை' தட்டுப்பட்டது. தரை இருக்கவே முடியாத இடம். அதைவிட விசித்திரம், ராத்திரியானால் அந்தத் தரை மேலே ஏறி வந்தது! 1945-ல் மார்ட்டின் ஜான்சன் என்ற விஞ்ஞானிதான், அது தரை இல்லை, உயிருள்ள கூட்டம், பொழுது சாய்ந்தால் மேலே வருகிறது என்று காட்டினார். உலகத்துக் கடல்களில் தினமும் நடக்கிற இந்த ஏற்ற இறக்கம்தான், பூமியிலேயே மிகப் பெரிய பிராணிகள் இடப்பெயர்ச்சி. நம்மூர் பொங்கல் கூட்டமெல்லாம் இதன் கால் தூசு.

நான் உடனே கணக்குப் போட்டேன். ஐந்து சென்டிமீட்டர் மீன், 500 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், தன் நீளத்தைப் போல 10,000 மடங்கு. ஐந்தரை அடி ஆளுக்கு அது சுமார் 17 கிலோமீட்டர். காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் போகிற பாதையில் பாதிக்கு மேல். அதுவும் செங்குத்தாக! போக ஒரு தடவை, வர ஒரு தடவை. நடுவில் சாப்பாடு. 500 மீட்டரில் தண்ணீரின் அழுத்தம் மேலே இருப்பதைப் போல ஐம்பது மடங்கு என்பது தனி.

"ஏண்டா இந்தக் கஷ்டம்? மேலேயே இருந்துட்டுப் போறது?"

"பகல்ல மேல இருந்தா வெளிச்சத்துல தெரியும். சூரை, கணவாய், டால்பின் எல்லாம் தின்னுடும். கீழேயே இருந்தா சாப்பாடு கம்மி. அதனால, இருட்டுல மேல போய்ச் சாப்பிடறது, வெளிச்சத்துல கீழ போய் ஒளியறது. நல்ல நிலா வெளிச்சம் இருந்தா முழுசா மேல வராது. கொஞ்சம் கீழேயே நின்னுடும்."

"அப்ப வயித்துல எதுக்கு விளக்கு?"

"கீழேருந்து ஒருத்தன் அண்ணாந்து பார்த்தா, மேலேருந்து வர்ற மங்கல் வெளிச்சத்துல மீனோட நெழல் கறுப்பாத் தெரியும் இல்லையா? வயித்து விளக்கை அதே அளவுக்கு எரிய விட்டா நெழல் அழிஞ்சுடும். விளக்கு பார்க்கறதுக்கு இல்ல. பார்க்கப்படாம இருக்கறதுக்கு."

அரபிக் கடலில் இன்னொரு சங்கடம் உண்டாம். சுமார் 150 மீட்டருக்குக் கீழே 1000 மீட்டர் வரை தண்ணீரில் ஆக்ஸிஜன் ரொம்பக் குறைச்சல். பெரிய மீன்களுக்கு அங்கே மூச்சு முட்டும், அதிக நேரம் தங்காது. அந்த இடத்தில்தான் இது பகல் முழுக்க அடங்கிக் கிடக்கிறது. மூச்சு முட்டினால் என்ன, ஆபத்து இல்லையே!

எனக்கு ஜன்னலில் தொங்குகிற போர்வை ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

"எல்லா மீனும் இப்படி ஓடுமா?"

"இல்ல. சைக்ளோதோன்னு ஒண்ணு இருக்கு. சுண்டுவிரல்ல பாதி. உலகத்துல முதுகெலும்புள்ள பிராணியிலயே எண்ணிக்கையில அதுதான் முதல். அது எங்கேயும் போகாது. ஆழத்துலயே மெதந்துட்டு, கெடைக்கறதைத் தின்னும். ஓடறதும் இல்ல, தின்னறதும் ரொம்ப இல்ல."

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் அங்கேயும் உண்டு!

அப்புறம் கறுப்பு விழுங்கி. இருட்டில் எப்போது என்ன கிடைக்கும் என்று தெரியாத இடத்தில், கிடைத்தபோது கிடைத்ததை விழுங்கிவிடுவது அதன் கொள்கை. வயிறு பலூன் மாதிரி விரியும். 2007-ல் கேமன் தீவுப் பக்கம் ஒன்று செத்து மிதந்தது. நீளம் 19 சென்டிமீட்டர். அதன் வயிற்றுக்குள் சுருட்டி வைத்த மாதிரி இருந்த மீனின் நீளம், 86 சென்டிமீட்டர்! விழுங்கியது செரிப்பதற்கு முன்னால் உள்ளேயே அழுகி, காற்று உண்டாகி, பலூனாக மேலே வந்து செத்துவிடுகிறது. இப்படி மிதந்து வந்ததால்தான் இந்த மீனைப் பற்றியே நிறையத் தெரிய வந்ததாம்.

'மூணே வருஷத்துல முப்பது' என்று மச்சான் குரல் காதில் கேட்டது.

"சரி, விஷயத்துக்கு வா. ஆயிரம் கோடி டன் நிஜமா?"

டாக்டர் சிரித்தான். "1980-ல வலை போட்டுப் பார்த்து, நூறு கோடி டன்னு ஒரு கணக்கு சொன்னாங்க. ஆனா, இந்த மீனு வலையைக் கண்டா ஒதுங்கிடும். 2014-ல மாலஸ்பினான்னு ஸ்பெயின்காரங்க உலகத்தைச் சுத்தின பயணத்துல கிடைச்ச எதிரொலியை வெச்சு, பத்து மடங்கு இருக்கும்னாங்க. அதுதான் உங்க மச்சானோட ஆயிரம் கோடி."

"அப்ப நிஜம்தானே?"

"எதிரொலி எதுலேர்ந்து வருது? மீனுக்குள்ள இருக்கற காத்துப் பையிலேர்ந்து. அதே மாதிரி காத்துப் பை வெச்ச ஜெல்லி மாதிரி பிராணிங்களும் அங்க இருக்கு. எது மீனு, எது ஜெல்லின்னு சத்தத்தை வெச்சுப் பிரிக்கறது லேசு இல்ல. சில மீனுக்குக் காத்துப் பையே கெடையாது. அது கணக்குலயே வராது."

ஆக, வலைக் கணக்கு ஒரு பக்கம், ஒலிக் கணக்கு ஒரு பக்கம், நடுவில் பத்து மடங்கு வித்தியாசம். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர், ஆடிட் ஆகாத பாலன்ஸ் ஷீட். நூறு ரூபாய் சஸ்பென்ஸ் கணக்கில் இருந்தாலே தூக்கம் வராத ஜாதி நாங்கள். இங்கே 900 கோடி டன் சஸ்பென்ஸில் இருக்கிறது!

சரி, கொஞ்சமாவது இருக்கிறதே, பிடிக்கலாமே? நம் நாட்டின் 'சாகர் சம்பதா' ஆராய்ச்சிக் கப்பல் அரபிக் கடலில் இவற்றைப் பிடித்து ஆராய்ந்திருக்கிறது. ஓமன் வளைகுடாவில் ஈரான் பிடித்துப் பார்த்திருக்கிறது. ஆனால் பரந்த கடலில் பரவிக் கிடக்கிற விரல் நீள மீனுக்காக எரிகிற டீசல் கொஞ்சநஞ்சம் இல்லை. சில இனங்களின் கொழுப்பு மெழுகு மாதிரி இருப்பதால் மனுஷ வயிறு ஏற்காது. மீன்தூள்தான் செய்யலாம். ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ மீன் வேண்டும். அமெரிக்கா தன் மேற்குக் கரையோரக் கடலில் இந்த மாதிரி மீன்களைப் புதிதாகப் பிடிக்க ஆரம்பிக்கக் கூடாது என்று 2016-லேயே தடை போட்டுவிட்டது. முதலில் ஆராய்ச்சி, அப்புறம் வலை.

"இன்னொண்ணு," என்றான். "கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் ஆளுங்க வாரக்கணக்குல ஆழ்கடல்ல கெடந்து சூரை புடிக்கறாங்க இல்ல? அந்தச் சூரைக்கு இதெல்லாம் சாப்பாடு. இதை அரைச்சு இறாலுக்குப் போட்டுட்டா, சூரை பட்டினி. சூரை இல்லைன்னா அந்த ஆளுங்க பட்டினி."

கடைசியாக ஒன்று சொன்னான். இந்த மீன் மேலே தின்கிறது, கீழே போய்ச் செரிக்கிறது, கழிக்கிறது. காற்றிலிருந்து பாசி இழுத்த கார்பன், துடுப்புக்காலி வழியாக மீனுக்குள் புகுந்து, ஆழத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே போனது மேலே திரும்ப எத்தனையோ பத்து வருஷம் ஆகலாம். நூறு வருஷம்கூட ஆகலாம். பூமி சூடாவதைக் குறைக்கிற வேலையில் இதற்கும் பங்கு உண்டு. சம்பளம் இல்லாத வேலை.

"அதாவது, மேலே சம்பாதிச்சு, கீழே டெபாசிட் போடுது?"

"ஆறு வருஷம் நான் எழுதினதை நீ ஒரே வரியில சொல்லிட்டே. போய்யா!" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. மீன் வயிற்றைப் பற்றி அவனிடம் இவ்வளவு நேரம் கேட்ட முதல் ஊர்க்காரன் நான்தானாம். அவன் அப்பாகூட இதுவரை கேட்டதில்லை.

மறுநாள் மச்சானிடம் சொல்லிவிட்டேன். பாலன்ஸ் ஷீட், டீசல், தூத்தூர், கறுப்பு விழுங்கி எல்லாம். முழுசாகக் கேட்டவர், "மாப்ள, உங்களைக் கணக்குப் படிக்க வெச்சதே தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தார். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. ராத்திரி தட்டில் ரவா உப்புமா வந்தது. தொட்டுக்கொள்ள எதுவும் வரவில்லை. மதியம் வைத்த வீராணத்து விரால் குழம்பு எங்கே என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ராத்திரி ஒன்றரை மணிக்குப் பசியில் விழிப்பு வந்தது. பூனை மாதிரி அடுப்படிக்குப் போனேன். இருட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா.

ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகியும், அந்த நேரத்துக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும். 28 வருஷம் சாப்பிட்ட நேரம் அது. யாரையும் எழுப்ப வேண்டாம் என்று விளக்கைப் போடாமல், பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில், காணாமல் போன அந்தக் குழம்புச் சட்டி!

"பசிக்குதா? ஒக்காரு" என்றார் கிசுகிசுப்பாக.

உட்கார்ந்தேன். கிசுகிசுப்பாகவே மீன் கதையைச் சொன்னேன். ராத்திரி மேலே வருவது, விடியுமுன் கீழே போவது, மூச்சு முட்டுகிற இடத்தில் பகல் முழுக்கக் கிடப்பது. அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டார்.

"அது குஞ்சுக்கு ஊட்டுமா?"

"இல்லப்பா. தண்ணியில முட்டையை விட்டதோட சரி. அப்புறம் குஞ்சு யாரு, தாய் யாருன்னே தெரியாது."

அப்பா கையில் இருந்த உருண்டையை என் கையில் வைத்தார்.

"அப்ப எதுக்கு அவ்ளோ கஷ்டப்படுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். பேச்சை மாற்றி, "பணம் டெபாசிட்லயே இருக்கட்டும்பா" என்றேன். "ம்" என்றார். ஒரு மீன் துண்டை எடுத்து, முள்ளைத் தடவிப் பார்த்து நீக்கிவிட்டு, என் பக்கம் தள்ளினார். இருட்டிலேயே. 28 வருஷப் பழக்கம்.

காலையில் அம்மாவின் குரலில்தான் எழுந்தேன்.

"எந்தப் பூனை உள்ள வந்துச்சுன்னு தெரியல, சட்டி தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கு!"

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் முகத்தில் விரால் குழம்பு பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே கறுப்புத் துணி தைத்த வயிறு!